ஊரில் போட்டாச்சு

மேலப்பாளையம்
8.1.2023

லாத்தாவுக்கு, உன் தங்கை பரீஹா எழுதுவது. சலாம்.

பதினேழு தடவை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மச்சான்தான் எடுக்கிறார். படுத்திருக்கா என்கிறார், தொழுதுட்டு இருக்கா என்கிறார். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் தொழுவாள் என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

அதனால்தான் நோட்டுத் தாளைக் கிழித்து எழுதுகிறேன். அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். மச்சானும் உன் மகள் சாயிமாவும் இந்திப் பள்ளிக்கூடம். உன் மனதில் இருப்பதை எழுதினால் என்னைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை.

நம்ம பிள்ளை அம்மாருக்கு நாற்பதாம் நாள் இங்கேயும் பாத்திஹா ஓதினோம். அவனுக்குப் பிடிக்கும் என்று ரவைப் பணியாரம் சுட்டேன். போன வருஷம் நீ எனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்திருந்தபோது, அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு கையிலும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டு எதைத் தின்பது என்று தெரியாமல் அழுதானே, அதை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். நாளை மறுநாளோடு ராஹிலுக்கு ஒன்பது மாதம். அம்மை ஊசி போட வரச் சொல்லி நர்ஸ் விஜயலட்சுமி இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். "ஏம்மா, படிச்ச புள்ள நீயே இப்பிடிச் சொல்லலாமா?" என்றார். "எங்க லாத்தா மவனுக்கு ஊசி போட்டுத்தான் இருந்துச்சு. அதே அம்மைலதான் போனான். பெறவு அந்த ஊசி எதுக்கு?" என்று கேட்டேன். என் மாமிக்கு ஒரே சந்தோஷம். "ஊசிக் கம்பெனிக்காரன் அவன் வீட்டுப் புள்ளைக்குப் போடுவானான்னு கேளுளா" என்று உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எதிர்வீட்டிலும், கடைசி வீட்டிலும் நான் சொன்னதைக் கேட்டு அவர்களும் போடவில்லை.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அம்மார் போனது வீணாகப் போகவில்லை என்று நீ நினைக்க வேண்டும். நீ பட்டதைப் பார்த்துத்தான் நாங்கள் இங்கே விழித்துக்கொண்டோம்.

பதில் போடு. இரண்டு வரி என்றாலும் போடு.

பரீஹா


தாராவி
16.1.2023

பரீஹாவுக்கு லாத்தா எழுதுகிறேன். வ அலைக்கும் சலாம்.

உன் கடிதம் கிடைத்தது. இந்தப் பக்கம் யாருக்கும் கடிதம் வராது. பேங்க் நோட்டீஸ், கோர்ட்டு நோட்டீஸ்தான் வரும். போஸ்ட்மேன் கீழே நின்று என் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டதும் கீழ்வீட்டுக்காரி பயந்துபோய் ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதி ரொம்ப நாள் ஆச்சு. எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

போனில் பேசாததற்குக் காரணம், எங்கள் வீடு உனக்குத் தெரியும். பத்துக்குப் பத்து. உன் மச்சான், சாயிமா, என் கொழுந்தன், அவன் வீட்டுக்காரி, அவர்கள் பையன் பைசான். நான் ஒரு சொல் பேசினால் ஐந்து பேர் கேட்பார்கள். போன் செய்கிறவர்களும் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். ஊசி போட்டிருந்தீங்களா என்று கேட்கிறார்கள். அதனால் போன் அடித்தால் உன் மச்சானையே எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

வேலை செய்கிறேன். பைகளில் ஜிப்பு ரன்னர் கோர்க்கிற வேலைதான். அம்மார் பக்கத்தில் உட்கார்ந்து நான் கோர்த்ததை எல்லாம் இழுத்து இழுத்துப் பார்ப்பான். திறந்துகொண்டால் சிரிப்பான். இப்போது நான் கோர்த்துவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன். அவ்வளவுதான்.

நீ எழுதியதைப் படித்தேன். பரீஹா, ராஹிலுக்கு ஊசியைப் போட்டுவிடு. நான் சொல்கிறேன், போட்டுவிடு. வருகிற புதன்கிழமையே தூக்கிக்கொண்டு போ. மாமி சொல்வதைக் கேட்காதே. எதிர்வீட்டுக்காரியிடமும் சொல். ஏன் என்று என்னிடம் கேட்காதே. இங்கே முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தவள் நான். அந்த வார்டில் படுத்திருந்த பிள்ளைகளை எல்லாம் பார்த்தவள். அதனால் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

காய்ச்சல் வந்து கண் சிவந்து தண்ணீர் வடிந்தால், இருமலும் இருந்தால், உடம்பில் பொரியட்டும் என்று காத்திருக்காதே. முதலில் காதுக்குப் பின்னால் பார். நான் சூடு என்று நினைத்து மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தேன்.

பணியாரம் சுட்டதற்கு அல்லாஹ் உனக்கு நல்லது செய்யட்டும்.

லாத்தா


மேலப்பாளையம்
22.1.2023

லாத்தா,

உன் கடிதம் வந்தது. படித்ததும் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு மாதமாக என்னோடு பேசாதவள், பேசியதும் சொல்கிற முதல் விஷயம் ராஹிலுக்கு ஊசி போடு என்பதா? போட்டும் உன் பிள்ளை போய்விட்டானே. அதற்கு என்ன பதில் என்றால், "ஏன் என்று கேட்காதே" என்கிறாய். நான் சின்னப் பிள்ளையா? உன் கொழுந்தன் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாயா? இல்லை, ஊசி போடச் சொல்லி உங்கள் பக்கம் வீடு வீடாக வருகிற அந்தத் தங்கமயில் உன்னைப் பிடித்துவிட்டாளா? நீ எழுதியதுபோலவே இல்லை.

சரி. உன் பேச்சைத் தட்டக்கூடாது என்று வெள்ளிக்கிழமையே ராஹிலைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். போட அல்ல. கேட்க. விஜயலட்சுமி சிஸ்டரிடம், "எங்க லாத்தா மவனுக்குப் போட்ட ஊசி கெட்டுப்போன ஊசியா இருக்குமோ? எந்தத் தேதில போட்டதுன்னு பாக்க முடியுமா?" என்று கேட்டேன். அம்மார் இங்கே பிறந்த பிள்ளை அல்லவா, அவர்களுடைய ரிஜிஸ்டரில் பேர் இருக்கிறது. புரட்டிக் காட்டினார். பிறந்த அன்று போட்டது இருக்கிறது. ஒன்றரை மாதத்தில் போட்டது இருக்கிறது. ஒன்பதாம் மாதத்துக் கட்டத்தில் தேதி இல்லை. "பம்பாயில் போட்டுக்கொள்வதாகத் தாய் கூறினார்" என்று எழுதியிருக்கிறது.

சரி, பம்பாயில் போட்டிருப்பாய். ஜூலையில் போனில் நான் கேட்டபோது போட்டாச்சு என்றுதானே சொன்னாய். ஆனால் நேற்று இவர் சவுதி தம்மாமிலிருந்து போன் செய்தபோது ஒரு பேச்சு வந்தது. மச்சான் இவரிடம், "ஊர்லயே போட்டுட்டு வந்த ஊசி பாய், அப்பிடியும் போய்ட்டான்" என்று சொல்லி அழுதாராம்.

மச்சான் ஊரில் என்கிறார். ஊர் ரிஜிஸ்டர் பம்பாய் என்கிறது.

எங்கே போட்டே, லாத்தா?

இதை உன்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. மார்ச் ஐந்தாம் தேதி நம் தெருவில் கல்யாணம். மச்சானுடைய சொந்தம்தான், உனக்கும் பத்திரிகை வந்திருக்கும். தாராவியிலிருந்து முப்பது பேராவது வருவார்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டு மாடியையும் தங்குவதற்குக் கேட்டிருக்கிறார்கள். மாமி சரி என்று சொல்லிவிட்டார்கள். ராஹிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்? போடவா, வேண்டாமா? உன் வார்த்தையை நம்பித்தான் வேண்டாம் என்றேன். இப்போது உன் வார்த்தையே இரண்டாக இருக்கிறது.

பரீஹா


தாராவி
28.1.2023

பரீஹாவுக்கு,

எங்கேயும் போடவில்லை.

இந்த இரண்டு சொல்லையும் எழுதிவிட்டுத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்து மீதியை எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உன்னிடம் முதலிலேயே ஒன்று. இதில் உன் பேச்சும் வரும். உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. உன்னால் இல்லை. என்னால்தான்.

போன வருஷம் ஜூனில் அம்மாருக்கு ஒன்பது மாதம் முடிந்தபோது நான் ஊரில்தான் இருந்தேன். உனக்குப் பால் கட்டிக் காய்ச்சலாகக் கிடந்தாயே, அந்த வாரம்தான். உம்மா இருந்திருந்தால் உன்னை உம்மா பார்த்திருப்பார்கள். உம்மா மவுத்தானபிறகு நான்தானே. புதன்கிழமை நர்ஸ் வாசலுக்கு வந்து, "பையனைத் தூக்கிட்டு வாங்கம்மா, ஒரு மணிக்குள்ள வந்துருங்க" என்று சொன்னார். உள்ளே நீ பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாய். ராஹில் பசியில் கத்துகிறான். நான் துணியைச் சுடுதண்ணீரில் முக்கி உனக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். "கார்டு பாம்பேல இருக்கு சிஸ்டர், அங்க போய்ப் போட்டுக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டேன். அது பொய் இல்லை. அப்போது போடத்தான் நினைத்தேன். அவனுக்கு இரண்டாவது, மூன்றாவது தவணை எல்லாம் இங்கே போட்டதால் இங்கே ஒரு கார்டு, ஊரில் ஒரு கார்டு என்று இரண்டு இருந்தது.

இங்கே வந்து நாலாம் நாள் தங்கமயில் அக்கா ஏணி ஏறி வந்தாள். அவள் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு எல்லாம் சுகாதார வேலைக்கு வருகிறவள். நம்ம திருநெல்வேலிக்காரிதான். "ஏ பானு, பையனுக்கு நௌ மஹினா ஆயிட்டுல்லா. கோவர் டீக்கா போடணும்" என்றாள். இங்கே ஒன்பது மாதத்தை நௌ மஹினா என்பார்கள், மணல்வாரி அம்மையைக் கோவர் என்பார்கள், தடுப்பூசியை டீக்கா என்பார்கள். அன்றைக்கு வீடு முழுக்கப் பை. பள்ளிக்கூடம் திறக்கிற சீசன். சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும். போன தடவை ஊசி போட்டபோது அம்மாருக்கு இரண்டு நாள் காய்ச்சல், மடியைவிட்டு இறங்கவில்லை, வேலை நின்று உன் மச்சான் சேட்டிடம் பேச்சு வாங்கினார். அது ஞாபகம் வந்தது. வாயில் வந்துவிட்டது.

"ஊர்ல போட்டாச்சுக்கா."

"கார்டு?"

"ஊர்ல இருக்கு."

அவள் கையில் இருந்த ரிஜிஸ்டரில் அதையே எழுதிக்கொண்டாள். "நல்லதாப் போச்சு. ஒன் வீட்டு ஏணில இன்னொரு தடவ ஏறணும்னா என் முட்டு கழண்டுரும்" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொய்யைச் சொன்னபிறகு போவதற்கும் கூச்சம். போட்டாச்சு என்று சொன்னாயே என்று கேட்பாளே. பிறகு உன் மச்சான் கேட்டார், அவரிடமும் ஊரில் போட்டாச்சு என்றேன். நீ கேட்டாய், உன்னிடம் இங்கே போட்டாச்சு என்றேன். நாலு பேரிடம் சொல்லச் சொல்ல எனக்கே போட்டதுமாதிரி ஆகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவனுக்குக் காய்ச்சல் வந்த அன்று, கோவராக இருக்காது, அதுக்குத்தான் போட்டாச்சே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான்.

நவம்பரில் இங்கே நிறையப் பிள்ளைகளுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். உன் மச்சான் பக்கத்தில் நின்றார். வேறு எப்படிச் சொல்ல? நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கினான். ஆக்சிஜன் வைத்தார்கள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் செய்தார்கள்.

எல்லாம் முடிந்து அவன் துணிகளை வாங்கப் போன அன்று உன் மச்சான் கீழே இருந்தார். நான் அந்த டாக்டர் பொண்ணிடம் தனியாகக் கேட்டேன். வேறு ஒரு பிள்ளைக்குக் கேட்பதுபோலக் கேட்டேன். ஊசி போட்டிருந்தால் வந்திருக்குமா என்று. "ஷாயத் நஹி ஆத்தா" என்றாள். ஒரு சில பிள்ளைகளுக்குப் போட்டும் வரலாம், பெரும்பாலும் வராது, வந்தாலும் இவ்வளவு தூரம் போவது அபூர்வம் என்று சொன்னாள். ஷாயத் என்றால் ஒருவேளை, ஒருவேளை வந்திருக்காது. அந்த ஒருவேளையை வைத்துக்கொண்டுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன், படுக்கிறேன்.

ஊசி என் பிள்ளையைக் கைவிடவில்லை, பரீஹா. அந்த ஊசி அவன் பக்கத்தில் வரவே இல்லை.

கல்யாணத்துக்கு இங்கிருந்து வருகிறவர்களில் பைசானும் உண்டு. அவனுக்குப் போட்டிருக்கிறது, நான் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகளை எனக்குத் தெரியாது. இது தொட்டுத்தான் ஒட்டும் என்று இல்லை. இருமினால் காற்றிலேயே நிற்குமாம். அந்தப் பிள்ளை ரூமைவிட்டுப் போனபிறகும் இரண்டு மணி நேரம் நிற்குமாம். பொரிவதற்கு நாலு நாள் முன்னாலேயே பரவுமாம். பார்த்து ஒதுக்க முடியாது. போட்டால் பலன் வர இரண்டு வாரமாவது ஆகும். அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் போ.

உன் மச்சானுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு ஆண்பிள்ளை அவருக்கு. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

லாத்தா


மேலப்பாளையம்
4.2.2023

லாத்தா,

கிழிக்கவில்லை. மன்னித்துவிடு.

எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை. உன்மேல் கோபம் இருக்கிறது. ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை ஜூலையில் என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் உன்னைத் திட்டியே ஊசி போட அனுப்பியிருப்பேன். எனக்கு ஒத்தடம் கொடுத்த கையை நினைத்தால் அந்தக் கோபமும் நிற்கமாட்டேன் என்கிறது. அன்றைக்கு நான் எழுந்து உட்கார்ந்திருந்தால் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்காதே என்று நீ எழுதினாலும் நினைப்பேன்.

கோபம் என்மேலும்தான். எதிர்வீட்டிலும் கடைசி வீட்டிலும் போட வேண்டாம் என்று சொன்னது என் வாய். அம்மாரின் பேரைச் சொல்லிச் சொன்னேன்.

உன் கடிதத்தை மாமிக்குப் படித்துக் காட்டினேன். உன்னிடம் கேட்காமல் செய்தது தப்புதான். ஆனால் வேறு வழி தெரியவில்லை. மாமி நம்பவில்லை. "பெத்த புள்ளயப் பறிகுடுத்தவ, புத்தி பேதலிச்சு எழுதுதா. போடாத ஊசிக்குப் போட்டேன்னு எவளும் சொல்லுவாளாளா? ஆசுபத்திரிக்காரன் சொல்லிக் குடுத்துருப்பான்" என்றார்கள். "அவ புருசன் வாயால சொல்லட்டும், அப்பம் நம்புதேன்" என்றார்கள். இவரும் போனில், உம்மா சரி என்று சொன்னால் போடு என்கிறார்.

நான் யாரிடமும் கேட்காமல் ராஹிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம். உன் கடிதம் வந்த அன்றே செருப்பை மாட்டினேன். சிஸ்டர்தான், போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சில பிள்ளைகளுக்கு லேசாகக் காய்ச்சல் வரும், பயப்பட வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார். அந்தக் காய்ச்சல் வந்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பெரியம்மா மகனைக் கொன்ற ஊசியைத் தன் மகனுக்கும் போட்டாள் என்று தெருவே சொல்லும். அதற்குப் பிறகு எதிர்வீட்டிலும் கடைசி வீட்டிலும் எந்தக் காலத்திலும் போடமாட்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே கல்யாணப் பந்தலில்தான் தவழும்.

நீ எல்லாருக்கும் தெரிய ஒன்றைச் சொன்னாய். மாற்றுவதை மட்டும் எனக்கு மட்டும் தெரிய எழுதுகிறாய். அது போதவில்லை, லாத்தா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் போன் செய்வேன். மச்சான் வீட்டில் இருப்பார். இங்கே ஸ்பீக்கரில் போடுவேன். மாமி இருப்பார்கள், அந்த இரண்டு வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டிருப்பேன். நீ பேச வேண்டும். மச்சானும் பேச வேண்டும். அதற்கு அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். நீ போனை எடுக்காவிட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பதினெட்டாவது தடவை என்று எண்ணிக்கொள்வேன்.

பரீஹா


மேலப்பாளையம்
25.2.2023

லாத்தா,

போன் வைத்தபிறகு உன் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

நீ சொல்லி முடித்ததும் கடைசி வீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள். மச்சான், "அவ சொல்லுதது நெசந்தான். எனக்கும் இப்பந்தான் தெரியும். போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாரே, அப்போது மாமி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்கள். வந்து என்னிடம், "புதன்கிழம எத்தன மணிக்குளா?" என்றார்கள்.

பதினைந்தாம் தேதி ராஹிலுக்குப் போட்டாச்சு. வலது கை மேலே. எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் அன்றைக்கே. கடைசி வீட்டுக்காரி வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. இந்தப் புதன்கிழமை நானே போய் இழுத்துக்கொண்டு வந்தேன். மாமியும் எங்களோடு வந்து சிஸ்டரிடம், "ஊசிய நல்லாப் பாத்துப் போடும்மா, தேதி முடிஞ்சது கிடிஞ்சது இருக்கப்போவுது" என்று அதிகாரம் செய்தார்கள். சிஸ்டர் பாட்டிலை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் காட்டினார். மாமிக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ம், சரியாத்தான் இருக்கு" என்றார்கள்.

ஒன்பதாம் நாள் ராஹிலுக்குக் காய்ச்சல் வந்தது. நூறு. சிஸ்டர் சொன்ன அளவுக்கு மருந்து கொடுத்தேன். ராத்திரி முழுக்க அவன் காதுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தேன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமிதான், "சொன்னதுதானளா வந்திருக்கு, எதுக்கு மொகத்தத் தொங்கப் போடுத" என்றார்கள். இன்றைக்கு இறங்கிவிட்டது. இப்போது என் பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறான். அடுத்த தவணை ஒன்றரை வயதுக்கு மேல். கார்டில் எழுதித் தந்திருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். ராஹிலுக்கு எழுதுவதற்காக ரிஜிஸ்டரைத் திறந்தபோது முந்தின பக்கத்தில் அம்மார் பேர் இருந்தது. பேரின்மேல் கோடு போட்டிருந்தது. ஒன்பதாம் மாதத்துக் கட்டம் அப்படியே இருக்கிறது. பம்பாயில் போட்டுக்கொள்வதாகத் தாய் கூறினார். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். என்ன எழுதட்டும் என்று கேட்டார். லாத்தாவைக் கேட்காமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன்.

கல்யாணத்துக்கு வருவாயா?

பரீஹா


தாராவி
4.3.2023

பரீஹாவுக்கு,

கல்யாணத்துக்கு வரவில்லை. கொழுந்தன் வீட்டாரும் மற்றச் சொந்தக்காரர்களும் நேற்று முன்தினம் ரயிலேறிவிட்டார்கள். அவர்கள் கையில் ராஹிலுக்கு ஒரு சின்னப் பை கொடுத்துவிட்டேன். ஜிப்பு நான் கோர்த்தது. இழுத்து விளையாடுவான். வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்.

நீ போன் செய்வதற்கு முன்னால், வெள்ளிக்கிழமையே உன் மச்சானிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் சொன்னேன். அவர் தோல் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தன் வீட்டுக்காரியைப் பிள்ளைகளோடு தண்ணீர் பிடிக்க அனுப்பினேன். நான் சொன்னதும் கத்தியைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை. "ஆஸ்பத்திரில என் மூஞ்சியப் பாத்துட்டே சொன்னியே பானு" என்றார். அதற்குப் பிறகு நீ போன் செய்கிறவரை ஏணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். போனில் நீ கேட்டதைத்தான் சொன்னார்.

எட்டு நாள் பட்டறையிலேயே சாப்பிட்டார். சாயிமாதான் டப்பா கொண்டுபோனாள். ஒன்பதாம் நாள் வந்து உட்கார்ந்தார். "நானும் ஒரு தடவ கார்டக் கொண்டான்னு கேட்டிருக்கணும். கேக்கல. பையன் பொறந்ததுலேருந்து ஒருநாளும் அவன் கார்ட நான் பாத்ததில்ல" என்றார். பிறகு சாயிமாவின் கார்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அவளை உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எல்லாம் போட்டிருந்தது. இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். இப்போதைக்கு அவ்வளவுதான். மேற்கொண்டு எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

தங்கமயில் அக்கா செவ்வாய்க்கிழமை வந்தாள். இங்கே இன்னும் வீடு வீடாகத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். நான் அவளோடு இறங்கிப் போனேன். பின்பக்கத்தில் ஒரு வீடு, நம்ம பக்கத்துக்காரர்கள்தான். கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பொண்ணு, "ஊர்ல போட்டாச்சுக்கா" என்றாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் முன்னால் போய், "நானும் இதத்தான் சொன்னேன். எம் புள்ள கபர்ல கெடக்கான். நெசமா போட்டாச்சுன்னா கார்டக் காட்டு, போடலன்னா இப்பம் சொல்லு, யாரும் ஒன்ன ஏசமாட்டாங்க" என்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டாள். ஏணி இறங்கிக் கொஞ்ச தூரம் வந்தபிறகு பின்னாலேயே ஓடி வந்து, "எந்தக் கெழமைக்கா போடுதாங்க?" என்று கேட்டாள். தங்கமயில் அக்கா கிழமையைச் சொல்லிவிட்டு அவள் பேரை எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய பழைய ரிஜிஸ்டரைக் கேட்டேன். ஜூன் மாதத்துப் பக்கம். "இப்பம் எதுக்குளா அது? பேரையே அடிச்சாச்சு" என்றாள். "பேர அடிச்சா என்னக்கா, பக்கத்துல பொய்தானே இருக்கு" என்றேன். ஒரு தடவைகூட என்னைத் திட்டாதவள் அன்றைக்குத்தான் திட்டினாள். "அன்னைக்கே கார்டக் காட்டுன்னு நின்னுருக்கணும்டி நான். முட்டு வலின்னு எறங்கிப் போய்ட்டேன்" என்று தன்னையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு பையிலிருந்து எடுத்தாள். ஊரில் போட்டாச்சு என்று அவள் இந்தியில் எழுதியிருந்ததை நானே பேனா வாங்கி அடித்தேன். என்ன எழுத என்று கேட்டாள். போடவில்லை என்று எழுதச் சொன்னேன். எழுதினாள்.

சிஸ்டரிடமும் அதையே எழுதச் சொல். பம்பாயில் என்பதை அடித்துவிட்டுப் போடவில்லை என்று எழுதட்டும். நீ பக்கத்தில் நின்று பார்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி ராஹிலுக்கு ஒரு வயது. அன்றைக்குப் போன் செய். நான்தான் எடுப்பேன்.

லாத்தா